நரி பரியாவதை ஆராய்வது எப்படி?

முதலில் தலைப்பை நீளமாக வையுங்கள். கறுப்பு ரெக்ஸின் அட்டையில் தங்க எழுத்தில் அடிக்கும்போது மூன்று வரியாவது வர வேண்டும். ‘யுங்கிய மற்றும் உளவியக்கவியல் சிகிச்சை முறைகளில் தனிமனித உருமாற்றம் நிகழும் விதம்: புதுக்கோட்டை மாவட்டத்தைச் சிறப்பாகக் கொண்டு ஓர் ஆய்வு’ என்றால் உறவினர்கள் மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டார்கள். ‘மனுசன் எப்படி மாறுறான்னு பார்க்கிறேன்’ என்று உண்மையைச் சொன்னீர்களோ, பெண் எடுத்த வீட்டில் ஆளுக்கொரு பதில் தயாராக இருக்கும்.

இதை எழுதுகிறவன் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். பிஎச்.டி.க்குப் பகுதி நேரமாகப் பதிவு செய்து ஆறு வருஷம் ஆகிறது. ஒரு கைடு ஓய்வுபெற்றுவிட்டார். இரண்டாமவரைப் பார்க்கப் போனால் எப்போதும் மீட்டிங்கில் இருக்கிறார். வைவா இன்னும் கண்ணில் படவில்லை. முடித்தவர்களிடம் அறிவுரை கேட்கலாமே என்பீர்கள். அவர்கள் எழுத மாட்டார்கள், கார் வாங்கிவிடுகிறார்கள். பாதியில் நிற்கிறவனுக்குத்தான் வழி சொல்ல நேரம் இருக்கிறது.

விஷயம் என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சின்ன வயதில் அப்பாவிடம் காட்ட முடியாமல் விழுங்கிய கோபத்தை நாற்பது வருஷம் கழித்து மேலதிகாரியிடம் காட்டுகிறோம், பெண்டாட்டியிடம் காட்டுகிறோம், கடைசியில் பீஸ் கொடுத்து எதிரே உட்கார்ந்திருக்கும் டாக்டரிடமே காட்டுகிறோம். அவர் திருப்பிக் கத்தாமல், எழுந்து போகாமல் உட்கார்ந்து கேட்கிறாரே, அந்த இடத்தில் ஏதோ ஒன்று இளகுகிறது என்பது ஃபிராய்டு வழிக்காரர்கள் சொல்வது. யுங் அதற்கு மேலும் போனார். நாம் வெளியே காட்டாமல் கொல்லைப்புறத்தில் கட்டிப்போட்ட பாதி ஆள் கனவில் வந்து கதவைத் தட்டுகிறான், அவனை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தால்தான் மனுஷன் முழுசாவான், அந்த வேலை பெரும்பாலும் வாழ்க்கையின் பிற்பாதியில்தான் வரும் என்றார். இவ்வளவுதான். மீதி முன்னூறு பக்கம் நீங்கள் எழுத வேண்டியது.

அடுத்து கலைச்சொற்களைத் தமிழாக்குங்கள். இதற்கு ஆறு மாதம் ஒதுக்குங்கள், அவமானத்துக்குத் தனியாக ஒரு மாதம். நான் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் அச்சடித்துக்கொண்டு கிளம்பினேன். ‘நீங்கள் கவுன்சலிங் போயிருக்கிறீர்களா?’ என்பது முதல் கேள்வி. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் உற்சாகமாக, “மூணு தடவை போயிருக்கேன் தம்பி. ரெண்டு தடவை எடம் கெடைக்கல. மூணாவது தடவைதான் அறந்தாங்கி கெடைச்சுச்சு” என்றார். தமிழ்நாட்டில் கவுன்சலிங் என்றால் இன்ஜினியரிங் சீட்டு, இல்லாவிட்டால் ஆசிரியர் இடமாறுதல். அடுத்த கேள்வி டிரான்ஸ்ஃபரன்ஸ் பற்றியது. பழைய உறவின் உணர்ச்சியை இன்றைய ஆள்மேல் ஏற்றுவது என்று நான் விளக்க ஆரம்பிப்பதற்குள் அந்த அம்மா தன் டிரான்ஸ்ஃபருக்கு எந்தெந்த ஆபீசில் எத்தனை நாள் காத்திருந்தார் என்று முக்கால் மணி நேரம் சொல்லி முடித்தார். சொல்லும்போது குரல் நடுங்கியது. நான் கேட்ட உணர்ச்சி அதில் இருந்ததா என்றால் இருந்தது. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

நிழல் என்பது யுங்கின் பெரிய கருத்து. நாம் நமக்கே மறைத்துக்கொண்ட முகம். “உங்கள் நிழலை எப்போதாவது சந்தித்தீர்களா?” என்று கீரனூர்க்காரர் ஒருவரைக் கேட்டேன். சித்திரை மாதம், மணி பன்னிரண்டு. “நிழலா? இந்த ஊர்ல அது எங்க தம்பி இருக்கு? இருந்த புளியமரத்தையும் ரோடு போடுறேன்னு வெட்டிட்டாக” என்றார். ஐரோப்பாவில் நிழலைக் கண்டால் பயம். புதுக்கோட்டையில் நிழலைக் கண்டால் துண்டை விரித்து உட்காருவார்கள். யுங்கே நிழலுக்குள் பொன்னும் இருக்கிறது என்று நினைத்தவர்தான். அதனால் கீரனூர்க்காரர் தவறாக எதுவும் சொல்லிவிடவில்லை. யுங்கின் இன்னொரு சொல்லான முகமூடியைக் கேட்டால் கொரோனாவில் போட்டதைச் சொல்வார்கள். ‘தனியாதல்’ என்று ஒரு சொல்லை நானே உண்டாக்கியிருந்தேன், மனிதன் தனக்கே உரிய முழுமையான ஆளாக ஆவதற்கு. எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: “தனிக்குடித்தனம் போறதா?” முதலில் சிரித்தேன். பிறகு பேட்டிகளை எடுத்துப் பார்த்தால், மாறினேன் என்று சொன்ன பெண்களில் பாதிப் பேர் மாறியது தனி அடுப்பு மூட்டிய வருஷத்தில்.

இலக்கிய மீளாய்வு என்ற அத்தியாயத்தைத் தூங்கிக்கொண்டே எழுதலாம், எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனாலும் இரண்டு கதைகளை விட்டுவிடாதீர்கள். கிரீந்திரசேகர் போஸ் 1922இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கியவர். ஃபிராய்டோடு கடிதத்தில் வாதாடியவர். 1931இல் ஃபிராய்டின் 75ஆம் பிறந்தநாளுக்குச் சங்கத்தார் தந்தத்தில் ஒரு விஷ்ணு சிலை செய்து அனுப்பினார்கள். ஃபிராய்டுக்கு அது ரொம்பப் பிடித்து மேசைமேல் வைத்துக்கொண்டார். கொஞ்ச நாளில் அதில் விரிசல் விழ ஆரம்பித்தது. கல்கத்தா சூட்டுக்குப் பழகிய சாமிக்கு வியன்னாக் குளிர் ஆகவில்லையோ என்று டைரியில் குறித்துவைத்தார். கல்கத்தாவிலிருந்து போன சாமி வியன்னாவில் விரிசல் விடுகிறது என்றால், வியன்னாவில் செய்த கோட்பாடு அறந்தாங்கி வெயிலில் என்ன ஆகும் என்ற கேள்வியை உங்கள் ஆய்வின் நோக்கம் என்ற தலைப்பில் போடலாம். நான் போட்டேன். கமிட்டி அடித்துவிட்டது.

இன்னொன்று யுங் இந்தியா வந்த கதை. 1937 கடைசியில் கப்பலேறி வந்து, 1938 தொடக்கத்தில் கல்கத்தா அறிவியல் மாநாட்டில் கலந்துகொண்டார். பல்கலைக்கழகங்கள் டாக்டர் பட்டங்களைக் கொடுத்தன. கல்கத்தாத் தண்ணீர் வயிற்றுக்கடுப்பைக் கொடுத்தது. ஆஸ்பத்திரியில் படுத்தார். பயணம் முழுக்க ரசவாதம் பற்றிய லத்தீன் புத்தகம் ஒன்றை வைத்துப் படித்துக்கொண்டே இருந்தார். திருவனந்தபுரம் வரை வந்தவர் திருவண்ணாமலைப் பக்கம் திரும்பவில்லை. நண்பர் ஹைன்ரிச் சிம்மர் பல வருஷமாக ஆர்வம் காட்டிவந்த ரமணரைப் போய்ப் பார்க்கவில்லை. திருவனந்தபுரத்தில் ரமணரின் சீடர் ஒருவரைப் பார்த்ததோடு சரி. அவர் சாதாரண ஆரம்பப் பள்ளி வாத்தியார், வீடு நிறையப் பிள்ளைகள். குகையில் இருக்கும் ஞானியைவிட, சோறு போட வேண்டிய பிள்ளைகளோடு ஞானத்தையும் சேர்த்துச் சுமக்கும் அந்த வாத்தியார்தான் யுங்குக்குப் பெரிதாகப் பட்டார். களப்பணிக்கு வந்துவிட்டு முக்கியமான ஆளைப் பார்க்காமல் திரும்புவது ஆராய்ச்சியாளனுக்குப் பெரிய முன்னுதாரணம். நீங்களும் யாரையாவது பார்க்காமல் திரும்பினால் இந்தப் பத்தியை மேற்கோள் காட்டுங்கள்.

இனி உள்ளூர்ச் சான்று. இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் தமிழில் ஆள் மாறியதற்குப் பதிவான பெரிய கேஸ் நம் மாவட்டத்தில்தான் நடந்தது. அறந்தாங்கி தாண்டி ஆவுடையார்கோயில், பழைய பெயர் திருப்பெருந்துறை. பாண்டியனின் அமைச்சர், தென்னவன் பிரமராயன் என்ற பட்டம், கையில் குதிரை வாங்க அரசாங்கப் பணம். வழியில் குருந்த மரத்தடியில் ஒரு குரு உட்கார்ந்திருக்கிறார். போய் உட்கார்ந்தவர் எழுந்தபோது அமைச்சர் இல்லை, மாணிக்கவாசகர். பணம் கோயிலாகிவிட்டது. ஒரு தலைப்பில் ஒதுக்கிய நிதியை இன்னொரு தலைப்பில் செலவழித்த இதைவிடப் பெரிய ஆடிட் அப்ஜெக்ஷன் தமிழ் வரலாற்றில் கிடையாது. யுங் சொன்ன வாழ்க்கையின் பிற்பாதிக்கும் இவர் காத்திருக்கவில்லை. 32 வயதில் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு தில்லையில் கலந்துவிட்டார் என்பது மரபு.

ராஜா சும்மா விடுவாரா? குதிரை எங்கே என்று ஓலை வந்தது. ஆவணி மூலத்தன்று வரும் என்று பதில் போனது. ஆய்வு மாணவர்கள் எல்லாரும் இந்தப் பதிலை மனப்பாடம் செய்ய வேண்டும். தீசிஸ் எங்கே என்று கேட்டால் ஆவணி மூலம். சொன்னபடி ஆவணி மூலத்தன்று குதிரை வந்தது, நரிகளைப் பிடித்துப் பரிகளாக்கி சிவனே ஓட்டிக்கொண்டு வந்தார். நடை என்ன, பிடரி என்ன, பாண்டியன் பார்த்துப் பார்த்துப் பூரித்தார். லாயத்தில் கட்டினார்கள். நடுராத்திரியில் எல்லாம் பழையபடி நரியாகி, ஊளையிட்டு, பக்கத்தில் கட்டியிருந்த நிஜக் குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடின. மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் இன்றைக்கும் இந்த லீலை நடக்கிறது.

இந்தக் கதையைப் பக்திக் கண்ணை மூடிவிட்டு ஆராய்ச்சிக் கண்ணால் பாருங்கள். ஒரே கதையில் இரண்டு உருமாற்றம் இருக்கிறது. அமைச்சர் மாறினார், திரும்பவே இல்லை. நரி மாறியது, ஒரு ராத்திரி தாங்கவில்லை. பகலில் ராஜா முன்னால் நிறுத்திப் பார்த்தபோது இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. சொல்லப்போனால் குதிரைதான் இன்னும் மாறியதாகத் தெரிந்தது, அமைச்சர் பித்துப் பிடித்தவராகத்தான் தெரிந்தார். சிகிச்சை முடிந்த அன்று கேள்வித்தாளைக் கொடுத்து ‘மிகவும் மாறினேன்’ என்ற கட்டத்தில் டிக் வாங்குகிறவர்கள் பகலில் லாயத்தைப் பார்த்துவிட்டுப் போன பாண்டியர்கள். நடுராத்திரியில் லாயத்துப் பக்கம் போய்க் காது கொடுப்பவன்தான் ஆராய்ச்சியாளன்.

இதற்கு எண்ணும் இருக்கிறது. ஜொனாதன் ஷெட்லர் 2010இல் எழுதிய கட்டுரையில், உளவியக்கவியல் சிகிச்சை பெற்றவர்கள் எவ்வளவு தேறினார்கள் என்று பழைய ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார். சிகிச்சை பெற்றவருக்கும் பெறாதவருக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஒரே எண்ணில் சொல்வார்கள், அது 0.8 தாண்டினாலே பெரிசு. அவர் காட்டிய ஒரு தொகுப்பில் சிகிச்சை முடிந்தபோது 0.97. பல மாதம் கழித்து மறுபடி பார்த்தபோது 1.51. அதாவது ராத்திரியில் நரியாகவில்லை, விடிய விடிய இன்னும் கொஞ்சம் குதிரையாகிக்கொண்டே இருந்தது. டாக்டரிடம் போவதை நிறுத்திய பிறகும் உள்ளே ஏதோ ஓடிக்கொண்டே இருக்கிறது என்பார்கள். இந்த எண்ணை அடித்துச் சண்டை போட ஆட்களும் உண்டு. அந்தச் சண்டையையும் ஒரு பத்தியில் போட்டுவிடுங்கள், புறத்தேர்வாளர் எந்தக் கட்சி என்று முன்கூட்டித் தெரியாது.

ஆவுடையார்கோயிலுக்கு நேரில் போங்கள். கொடுங்கையைப் பார்த்து வாய்பிளந்துவிட்டு உள்ளே வாருங்கள். கொடிமரம் இல்லை, நந்தி இல்லை. கருவறையில் ஆவுடை மட்டும் இருக்கிறது, மேலே லிங்கம் இல்லை. எல்லாக் கோயிலிலும் எது நடுவில் இருக்குமோ அது இங்கே காலி. நைவேத்தியத்துக்குப் புழுங்கலரிசிச் சோற்றை வடித்து அப்படியே படைகல்லில் கொட்டுகிறார்கள், கூடவே கீரை, பாகற்காய். மேலெழும் ஆவிதான் சாமிக்கு. நான் போன அன்று கல்மேல் சோறு வெள்ளையாகப் பரந்து கிடந்தது. ஆவி சுருண்டு சுருண்டு எழும்பி, விளக்கு வெளிச்சத்துக்குள் வந்தவரை தெரிந்தது, அதைத் தாண்டித் தெரியவில்லை. புழுங்கல் வாசமும் பாகற்காய்க் கசப்பும் கலந்து மூக்கில் ஏறியது. கையில் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டேன். நாற்பது நிமிஷம் ஒரு குழந்தை அழுகிறது, இடையில் மணி. உருமாற்றத்தை ஒலிப்பதிவு செய்ய முடியுமா என்ற அத்தியாயத்துக்கு இந்த ஆடியோ போதும்.

இன்னொரு உள்ளூர்ச் சான்று மணல். சுவிட்சர்லாந்தில் டோரா கால்ஃப் என்ற அம்மையார், யுங்கோடு பழகியவர், லண்டனில் மார்கரெட் லோவன்ஃபெல்டிடம் கற்றுக்கொண்டதை வைத்து மணல் விளையாட்டுச் சிகிச்சையை உருவாக்கினார். உள்ளே நீலம் பூசிய மரப்பெட்டி, அதில் மணல், பக்கத்து அலமாரியில் சின்னச் சின்னப் பொம்மைகள். வந்தவர் பேச வேண்டாம், மணலில் எதையாவது செய்தால் போதும். சிகிச்சையாளரும் அர்த்தம் சொல்லிக் குடையமாட்டார். செய்தவர் போகிறவரை அதைக் கலைக்கவும் மாட்டார். கேட்டவுடன் எனக்கு எங்கள் சமஸ்தானம் ஞாபகம் வந்தது. 1738இல் திருவரங்குளம் காட்டில் சதாசிவ பிரம்மேந்திரரை விஜயரகுநாதத் தொண்டைமான் தேடிப்போய் உபதேசம் கேட்டார் என்பது மரபு. அவர் மௌனி. வாய் திறக்கவில்லை. மணலில் தட்சிணாமூர்த்தி மந்திரத்தை விரலால் எழுதிக்காட்டினார். தட்சிணாமூர்த்தியும் பேசாத குரு. பேசாதவர் பேசாதவரைப் பற்றி மணலில் எழுதியிருக்கிறார். ராஜா அந்த மணலை அங்கவஸ்திரத்தில் அள்ளிக்கொண்டு வந்து அரண்மனையில் வைத்துப் பூஜை செய்தார். கால்ஃப் அம்மையார் கேட்டதெல்லாம் ஆள் வெளியே போகிறவரை கலைக்காதே என்பதுதான். தொண்டைமான்கள் முன்னூறு வருஷத்தை நெருங்கியும் கலைக்கவில்லை. அந்த மணலைப் பற்றி எழுதலாமா என்று கைடிடம் கேட்டேன். சாம்பிள் சைஸ் ஒன்று என்றார்.

சாம்பிள் என்றதும் ஞாபகம். ஆள் தேடுவதுதான் இந்த ஆராய்ச்சியில் சித்திரவதை. மனசுக்குச் சரியில்லை என்று நம் ஊரில் முதலில் போவது கோடாங்கியிடம், அப்புறம் நார்த்தாமலை மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்வது, அப்புறம் தூக்க மாத்திரை எழுதுகிற டாக்டர். வாரா வாரம் போய் ஒரு மணி நேரம் தன் கனவைச் சொல்லிவிட்டு வருகிறவர் எத்தனை பேர் சிக்குவார்கள்? கோடாங்கியை ஏளனமாக எழுதிவிடாதீர்கள். அவர் உடுக்கையை எடுப்பதற்கு முன் சித்தப்பா, மாமியார், நாத்தனார் என்று பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள். மூன்று வருஷம் யாரும் சொல்லாதது சாமி வாயிலிருந்து வந்து விழுகிறது. கனநாத் ஒபயசேகர இலங்கையில் கதிர்காமத்துச் சடாமுடிப் பெண்களை வைத்து 1981இல் ‘மெதூசாவின் கூந்தல்’ என்று ஒரு புத்தகமே எழுதினார். யாரிடமும் சொல்ல முடியாத தனிச் சோகம் தலையில் சடையாகத் திரண்டு, ஊரே கும்பிடுகிற அடையாளமாக மாறுவது எப்படி என்று ஒவ்வொருத்தியாக உட்கார்ந்து கேட்டார். ஃபிராய்டையும் கையில் வைத்துக்கொண்டார், முருகனையும் விடவில்லை. படித்துவிட்டு ஒரு வாரம் நான் என் கேள்வித்தாளைத் தொடவில்லை.

கமிட்டி கண்டிப்பாக ஒப்பீட்டுக் குழு கேட்கும். சிகிச்சை பெறாமலே மாறியவர்கள் யார்? உளவியலாளர் ஐசென்க் 1952லேயே இந்தக் குண்டைப் போட்டார்: நரம்புத் தளர்ச்சிக்காரர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் சிகிச்சை இல்லாமலும் இரண்டு வருஷத்தில் தேறிவிடுகிறார்கள் என்று. அவர் கணக்கைப் பிறகு பலர் பிய்த்துப் போட்டார்கள். எங்களுக்கு வெளியே தேட வேண்டியதில்லை. 1991இல் அறிவொளி இயக்கம் வந்தபோது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காவிட்டால் பார் வைத்த ஆம்பளை சைக்கிளிலேயே ஏறினார்கள். அந்தக் காலத்தில் கல்குவாரியில் வேலை பார்த்த ஒரு அத்தையிடம் கேட்டேன், சைக்கிள் ஓட்டினதில் உங்களுக்குள் என்ன மாற்றம் என்று. “உள்ள என்ன மாத்தம்? முட்டி செரைஞ்சுச்சு. அப்புறம் புருசன் வர்ற வரைக்கும் பஸ் ஸ்டாப்புல நிக்கல” என்றார். இதை என் அட்டவணையில் எந்தப் பத்தியில் போடுவது என்று இன்னும் தெரியவில்லை. முட்டி என்று ஒரு பத்தி திறந்து வைத்திருக்கிறேன்.

இதற்கு நடுவில் உங்களிடமே ஒருவர் ஒரு கேள்வி கேட்பார், தயாராக இருங்கள். ராபர்ட் ரோமனிஷின் என்ற யுங்கியர் 2007இல் காயம்பட்ட ஆராய்ச்சியாளர் என்று ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். தலைப்பை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, நம் காயம்தான் நம்மைத் தேர்ந்தெடுக்கிறது என்பது அவர் வாதம். அந்தப் புத்தகம் வரவழைக்க எனக்கு நாலாயிரம் ரூபாய் ஆனது. அதே விஷயத்தை எங்கள் அப்பத்தா திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டே ஓசியில் கேட்டது: “ஏன் அப்பு, ஊரான் வீட்டு ஆளுக மாறுனாகளா மாறலயான்னு நீ எதுக்கு வெயில்ல அலையிற? ஒங்கப்பன் மாறலயேன்னா?” நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அன்று யாரையும் பேட்டி எடுக்கவில்லை. பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில், குளமங்கலத்தில், அந்தப் பெரிய குதிரை முன்னால் போய் உட்கார்ந்திருந்தேன். முப்பது அடிக்கு மேல் உயரம், மாசி மகத்தில் காகிதப் பூமாலையால் அதை மூடிவிடுவார்கள். நான் போனது மாசி இல்லை. மழையில் நனைந்து வெளுத்த மாலைகள் கம்பியும் காகிதமுமாகத் தொங்கின.

பேட்டிக்கு வருவோம். எனக்குக் கிடைத்த நல்ல ஆள் ஒருவர். திருக்கோகர்ணத்துப் பக்கம் வீடு, ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கச் செயலாளர், அறுபத்திரண்டு வயது. திருச்சியில் யுங் படித்த ஒரு டாக்டரம்மாவிடம் வாரா வாரம் போய்வந்தவர். யுங்கிய சிகிச்சையைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி கிறிஸ்டியான் ரோஸ்லர் 2013இல் எழுதியபோது, சராசரியாக 90 அமர்வுகள் ஆகின்றன என்றார். எங்கள் செயலாளரும் ஏறக்குறைய அவ்வளவு போயிருக்கிறார். போகவர 110 கிலோமீட்டர் என்றால் 9,900 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்கு நேராக சூரிச்சுக்கே போய் யுங் வீட்டு வாசலைப் பார்த்துவிட்டு, மிச்சத்தில் பாரிசும் பார்த்திருக்கலாம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்ததே பாதி சிகிச்சை என்று அவரே சொன்னார்.

பேட்டிக்குத் தனியறை வேண்டும் என்று எதிக்ஸ் கமிட்டியில் எழுதிக்கொடுத்திருந்தேன். எங்கள் பக்கம் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு ஆம்பளைகள் பேசினால் நிலம் விற்கிறார்கள் என்று தெருவே கூடிவிடும். அதனால் கதவு திறந்தே இருந்தது. காபி வந்தது, முறுக்கு வந்தது, பக்கத்து வீட்டுப் பையன் ஹோம்வொர்க்கோடு வந்து உட்கார்ந்தான். நான் வழிகாட்டி நூலில் இருந்தபடியே கேட்டேன்: உங்களிடம் மாற்றம் நிகழ்ந்த தருணத்தை விவரிக்க முடியுமா, சார்?

“தெரியலீங்க தம்பி.”

முதல் இருபது நிமிஷமும் இந்த ஒரே வாக்கியம் வெவ்வேறு சுருதியில். இந்தத் தருணம் எது என்பதில் பெரியவர்களுக்கே சண்டை உண்டு. ஜேம்ஸ் ஸ்ட்ரேச்சி 1934இல், சரியான நேரத்தில் சரியாகச் சொல்லப்படும் விளக்கம்தான் ஆளை மாற்றுகிறது என்றார். பாஸ்டனில் ஒரு குழு 1998இல், விளக்கமெல்லாம் பிறகு, இரண்டு பேரும் எதிர்பாராமல் நேருக்கு நேர் மனுஷர்களாகப் பார்த்துக்கொள்கிற நொடிதான் என்றது. செயலாளரிடம் இரண்டையும் தமிழில் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஒரு நாள் அந்தம்மா தும்முனாக. நான் நூறாயிசுன்னேன். அவுக சிரிச்சாக. அன்னைக்குத்தான் எங்கப்பாவைப் பத்திச் சொன்னேன்” என்றார். அப்பாவைப் பற்றி என்ன என்று கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பிறகு தானாகவே, “முன்னெல்லாம் கொழம்புல உப்பு கொறஞ்சா தட்டைத் தள்ளிருவேன் தம்பி. தூணுல போய் இடிக்கும்” என்றார்.

நிலைப்படியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்த அவர் வீட்டம்மா, “இப்பவும்தான் தள்ளுறாக. மெள்ளத் தள்ளுறாக” என்றார்.

90 அமர்வு, 9,900 கிலோமீட்டர். நான் நோட்டில் ‘மெள்ள’ என்று எழுதி அடிக்கோடிட்டேன். கைடிடம் காட்டினேன். இதை எப்படி அளப்பீர்கள் என்றார். தட்டு நகர்ந்த தூரம், சென்டிமீட்டரில், என்றேன். அவர் சிரிக்கவில்லை. எஸ்பிஎஸ்எஸ் மென்பொருளில் போட்டுப் பாருங்கள் என்றார்.

கடைசியாக, மறு ஆய்வை மறக்காதீர்கள். ஆறு மாதம் கழித்து, ராத்திரியில் போங்கள். பேட்டி முடிந்து ‘அப்ப வரட்டுங்களா’ என்று சொன்ன பிறகு உடனே கிளம்பிவிடாதீர்கள். திருச்சி டாக்டரம்மாவிடம் கதவுப் பிடியில் கைவைத்தபின்தான் ஆட்கள் முக்கியமானதைச் சொல்வார்களாம். எங்கள் பக்கம் விடைபெற்ற பிறகு திண்ணையில் அரைமணி நேரம் நிற்பது வழக்கம், அங்கேதான் பேச்சே தொடங்கும். நான் போன அன்று புரட்டாசி மழை, கரண்ட் இல்லை. கேள்விகள் முடிந்தன, பழைய பதில்தான். ரெக்கார்டரை அணைத்துப் பைக்குள் போட்டேன். “இந்த மழையில எங்க போவீக, உக்காந்து சாப்புடுங்க தம்பி” என்று அந்தம்மா இரண்டு தட்டு வைத்தார். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கத்திரிக்காய்க் குழம்பு. முதல் வாயிலேயே தெரிந்தது, உப்பு சுத்தமாக இல்லை. நான் நிமிரவில்லை. அந்தம்மா கரண்டியோடு அசையாமல் நின்றார். செயலாளர் மென்றார். தட்டின் விளிம்பில் கைவைத்தார். தட்டு ஒரு விரற்கடை நகர்ந்தது, நின்றது.

பிறகு கையை எட்டி உப்பு ஜாடியை எடுத்து, என் பக்கம் நீட்டினார்.

“ஒங்களுக்கும் கொறச்சலாத்தான் இருக்கும்.”

“ஆமா சார், கொஞ்சம் கொறச்சல்தான்” என்றேன்.

அந்தம்மா திரும்பி அடுப்படிக்குப் போய்விட்டார்.